ரெண்டரை வருஷமா அஞ்சறைப்பெட்டியில க்ரேயான்: எது நின்னுச்சு, எது போச்சு

2023 மே லீவுல ஆரம்பிச்சது. மடிப்பாக்கத்துல வாடகை வீடு, கிரவுண்ட் ஃப்ளோர், பெரியவளுக்கு அப்போ அஞ்சு வயசு, சின்னவனுக்கு மூணு. பர்த்டேக்கு வர்ற கிஃப்ட்ல பாதி கலரிங் செட்டுதான், அப்படி சேர்ந்து சேர்ந்து வீட்ல ஏழு டப்பா க்ரேயான் இருந்துச்சு, ஆனாலும் தினம் "அம்மா ரெட் எங்க"ன்னு ஒரு பஞ்சாயத்து. ரெட் சோஃபாவுக்கு அடியில இருக்கும், இல்லன்னா வாஷிங் மெஷின் பின்னாடி, ஒரு தடவை அரிசி டின்னுக்குள்ள கூட இருந்துச்சு.

அப்பதான் ராத்திரி ரீல்ஸ் பாக்கற பழக்கம் வேற. வெள்ளை ஷெல்ஃப், வரிசையா கண்ணாடி ஜார், ஒவ்வொண்ணுலயும் ஒரே கலர் பென்சில், அப்படியே ஐஸ்க்ரீம் கடை மாதிரி. நானும் 45 ரூபான்னு 12 ஜார் வாங்கிட்டு வந்து, கலர் கலரா பிரிச்சு, லேபிள் எல்லாம் எழுதி ஒட்டி, ஃபோட்டோ எடுத்து ஃபேமிலி க்ரூப்ல போட்டு ஹார்ட்டா வாங்கிக் குவிச்சேன். மூணு நாள்தாங்க. ஒரு வீடு வரையணும்னா கூரைக்கு ஒரு ஜார், செவத்துக்கு ஒரு ஜார், புல்லுக்கு ஒரு ஜார்னு திறக்கணும், சின்னவனுக்கு மூடி திறக்கவே வராது, ஒவ்வொரு தடவையும் ஜாரை தூக்கிக்கிட்டு அடுப்பங்கரைக்கு என்கிட்ட வருவான், நான் ஒரு கையில தோசைக்கரண்டி வெச்சுக்கிட்டு இன்னொரு கையில மூடி திறப்பேன். திரும்ப பிரிச்சு வைக்கற வேலை யாருதுன்னு சொல்லவே வேணாம். நாலாவது நாள் ஒரு ஜார் கீழ விழுந்து உடைஞ்சது, வெறுங்காலோட ரெண்டு பேரும் நடுவுல நிக்கறாங்க. அன்னிக்கே மீதி 11 ஜாரும் கிச்சனுக்குப் போயிடுச்சு. இப்ப அதுல கடலை, பொட்டுக்கடலை, வத்தல் எல்லாம் ஜம்முனு இருக்கு.

அதுக்கப்புறம் வந்ததுதான் அஞ்சறைப்பெட்டி. அத்தையோட பழசு, எவர்சில்வர், பேருதான் அஞ்சறை, உள்ள ஏழு கிண்ணம். பரண்ல சும்மா கெடந்துச்சு. புளி போட்டு தேய்ச்சு ரெண்டு நாள் வெயில்ல வெச்சும் வெந்தய வாசனை மட்டும் போகல, பரவாயில்லன்னு விட்டுட்டேன். உடைஞ்ச க்ரேயான், பேப்பர் உரிஞ்ச க்ரேயான் எல்லாத்தையும் கொட்டினேன். மூடிய தனியா எடுத்து வெச்சுட்டோம், தட்டை அப்படியே தரையில வெச்சா ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் உக்காந்துக்கலாம், கிண்ணம் ஆழம் கம்மி, விரல் விட்டா அடி வரைக்கும் எட்டும், எது இருக்கு எது இல்லன்னு பாத்தாலே தெரியும். முக்கியமா எடுத்தத திரும்பப் போட மூடியும் இல்ல ஜிப்பும் இல்ல, சும்மா போட்டா போதும்.

இதுல அத்தை ஒரு வேலை பண்ணாங்க. கிண்ணத்துக்கெல்லாம் பழைய பேரையே பசங்களுக்கு சொல்லிக் குடுத்துட்டாங்க. மிளகாத்தூள்ல சிவப்பு, மஞ்சத்தூள்ல மஞ்சள், மல்லித்தூள்ல ப்ரவுன், கடுகுல கருப்பு, உளுந்துல வெள்ளை (இந்த வெள்ளை க்ரேயான் மட்டும் எந்த வீட்லயும் தீர்ந்து நான் பாத்ததில்ல). பச்சைக்கும் நீலத்துக்கும் பொருத்தமா எதுவும் இல்லாததால சீரகத்தையும் வெந்தயத்தையும் குடுத்தாச்சு. இப்பவும் சின்னவன் "அம்மா, வெந்தயத்துல டார்க் ப்ளூவ காணோம்"னு கத்துவான், பக்கத்து வீட்டு அக்கா முதல் தடவை கேட்டுட்டு என்னைத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே. நான் எழுதி ஒட்டின லேபிள் ஒண்ணு கூட ஒரு மாசம் தாங்கல, இது ரெண்டரை வருஷமா ஓடுது.

குறைன்னு பாத்தா, முழு நீள கலர் பென்சில் இதுல நிக்காது. அப்புறம் எவர்சில்வர் சூடாகும். 2024 மே மாசம் ஜன்னல் ஓரமா வெயில்ல விட்டுட்டு ஊருக்குப் போயிட்டோம், வந்து பாத்தா மிளகாத்தூள் கிண்ணத்துல சிவப்பு, ஆரஞ்சு, பிங்க் மூணும் உருகி ஒரே அடை. தட்டி எடுத்தேன், அந்த அடையவே சின்னவன் ஒரு மாசம் வெச்சு கிறுக்கினான்.

ஸ்கெட்ச் பென், கலர் பென்சில், கத்தரிக்கோல், டேப் வகையறாவுக்கு கதவுல மாட்டற ஷூ ஆர்கனைசர், 24 பாக்கெட், தெரியற ப்ளாஸ்டிக், 220 ரூபா. மேல கொக்கி இருக்கு, ஆணி அடிக்க வேணாம், வாடகை வீட்டுக்காரங்களுக்கு இது பெரிய விஷயம். கீழ ரெண்டு வரிசை அவங்களோடது, மேல ரெண்டு வரிசையில ஃபெவிகால், போஸ்டர் கலர், பெரிய கத்தரி, அதெல்லாம் கேட்டாதான் கிடைக்கும். ஸ்கெட்ச் பென்ன மூடி கீழ பாக்கற மாதிரி தலைகீழா சொருகி வெச்சா சீக்கிரம் காயறதில்ல, டம்ளர்ல மூடி மேல பாக்க நிக்க வெச்சப்ப மை எல்லாம் பின்னாடி இறங்கி முனை காஞ்சு போயிடும். ப்ரஷ் நேர் எதிர், முடி மேல இருக்கணும், அதுவும் ஈரத்தோட நிக்க வைக்காம படுக்கப்போட்டு காயவெச்சு அப்புறம்தான் சொருகணும், இல்லன்னா தண்ணி உள்ள இறங்கி முடி கொட்ட ஆரம்பிச்சிடுது. ஒரு வருஷம் நல்லா போச்சு. அப்புறம் ப்ளாஸ்டிக் விறைச்சு, பெயின்ட் பாட்டில் வெயிட்டுக்கு தையல் கிழிஞ்சது, கோணி ஊசியால நாலு தையல் போட்டு ஓட்டறேன். பாத்தா ஒட்டுப்போட்ட மாதிரிதான் இருக்கு, அழகுன்னு சொல்ல மாட்டேன்.

வரைஞ்சத மாட்டறதுக்கு முதல்ல ஒட்டற ஹூக், ஒரு பாக்கெட் 99 ரூபா. எங்க வீட்டுச் செவரு டிஸ்டெம்பர், ஹூக் விழும்போது ரூபா அகலத்துக்கு பெயின்ட்டையும் உரிச்சுக்கிட்டு விழுந்துச்சு, ஹவுஸ் ஓனர் பாக்கறதுக்குள்ள அங்க ஒரு காலண்டர மாட்டி மறைச்சேன். அப்புறம்தான் கண்ணு முன்னாடியே நிக்கற இரும்பு பீரோ ஞாபகம் வந்துச்சு. அதோட சைடு முழுக்க காலி. 60 ரூபாய்க்கு குட்டி மேக்னட் வாங்கி, ஆளுக்கு ஆறு படம்னு கணக்கு, புதுசு மாட்டணும்னா பழசு ஒண்ண அவங்களே எடுக்கணும். வீட்ல இப்ப நிஜமாவே அழகா இருக்கற இடம் அதுதான், வர்றவங்க எல்லாம் அங்கதான் நின்னு பாக்கறாங்க.

பேப்பருக்குன்னு தனியா செலவே கிடையாது. கல்யாணப் பத்திரிகை உள் அட்டை, மாச காலண்டர் பின்பக்கம் (வழவழப்பா இருந்தா பெயின்ட் ஒட்டாது, க்ரேயானுக்கு ஓகே), அப்புறம் தெரு முனை ப்ரிண்டிங் ப்ரெஸ்ல வெட்டின துண்டு, ஒரு கட்டு சும்மாவே குடுத்தார். எல்லாம் தாம்பூலப் பையில போட்டு கதவுக் கொக்கியில தொங்குது. தொங்க விட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ வீட்டுக்குள்ள கணுக்காலுக்கு மேல தண்ணி, செருப்பு ஸ்டாண்டோட அடித்தட்டுல சுருட்டி வெச்சிருந்த சார்ட் பேப்பர் மொத்தமும் கூழு, கரன்ட்டும் இல்லாம ரெண்டு பேரும் கட்டில் மேல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க, ஒரு போஸ்டர் கலர் பாட்டில் ஹால்ல மெதுவா மிதந்து போச்சு. அதுலேர்ந்து முட்டிக்குக் கீழ எதுவும் வைக்கறதில்ல.

கிளே பத்தி சுருக்கமா. கடையில வாங்கினது இறுக்கமான மூடி டப்பாவுல போட்டா ரெண்டு மூணு மாசம் வருது. வீட்ல மைதாவுல பிசைஞ்சது எறும்புக்கு விருந்து, நாலே நாள்ல பூஞ்சை. உப்ப அள்ளிப் போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சா ஒரு வாரம் தாங்கும், ஆனா அது ஃப்ரிட்ஜ்ல இடத்த அடைக்குது, விட்டுட்டேன்.

கணக்கு பாத்தா மொத்தம் 919 ரூபா. அதுல ஜாரும் ஹூக்குமே 639. இன்னிக்கும் யூஸ்ல இருக்கறது 280 ரூபா பொருள்தான், அஞ்சறைப்பெட்டி, பீரோ, தாம்பூலப் பை எல்லாம் ஏற்கெனவே வீட்ல இருந்தது.

ஷூ ஆர்கனைசர் இன்னொரு வருஷம் தாங்காது. அதே அளவுல பழைய ஜீன்ஸ்ல தைக்கலாம்னு டெய்லர்கிட்ட கேட்டேன், 350 சொன்னார். துணி, நாடா எல்லாம் நானே தரேண்ணான்னதும் 250க்கு இறங்கியிருக்கார். என் கணவரோட எந்த ஜீன்ஸ எடுக்கறதுங்கறதுதான் இன்னும் முடிவாகல.