பயணத்துக்கு முன் ஒரு மருத்துவ ஆலோசனை: குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணின் மதிப்பீடு

கணவரின் பணி காரணமாக சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடொன்றுக்கு நாங்கள் இருவரும் செல்ல வேண்டியிருந்தது. அதே காலத்தில்தான் குழந்தை பெற்றுக்கொள்வது பற்றியும் முடிவெடுத்திருந்தோம். அதனால் பயண மருத்துவத்துக்கென்றே இயங்கும் ஓர் ஆலோசனை மையத்தை நாடினோம். அங்கே பெற்ற சேவையைப் பற்றி, எங்களைப் போன்ற நிலையில் இருக்கும் பெண்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். தடுப்பூசியும் மாத்திரையும் பல இடங்களில் கிடைக்கும். கருத்தரிப்புக்கு எத்தனை வாரம் முன்பு எதைப் போட வேண்டும், எதை முடித்த பின் எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்று தேதி குறித்து வழிகாட்டும் இடங்கள் குறைவு. இந்த மையம் அதைச் செய்தது. ஆகவே சில குறைகளையும் மீறி இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

செல்லும் நாட்டின் பெயரைக் கேட்பதற்கு முன்பே மருத்துவர் என் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்டார். பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா, முடியாதெனில் கருத்தரிப்பதைத் தள்ளிப்போட விருப்பமா என்பவை அடுத்த கேள்விகள். பிறகு ஒரு தாளைக் குறுக்காகத் திருப்பி, மாதங்களைக் கட்டங்களாக வரைந்து, பயண நாட்களை நீல நிறத்திலும் கருத்தரிக்கலாம் எனும் காலத்தைப் பச்சை நிறத்திலும் தீட்டினார். அதன்பின் பேசிய ஒவ்வொரு ஊசியும் மாத்திரையும் அந்தத் தாளில் தன் கட்டத்தைத் தேடி அமர்ந்தது. முன்னதாக நாங்கள் சென்றிருந்த வேறோர் இடத்தில், கர்ப்பம் பற்றிய கேள்வி படிவத்தின் கடைசி வரியில் ஒரு சிறு கட்டமாக மட்டுமே இருந்தது. அதை நிரப்பினேனா என்றுகூட யாரும் பார்க்கவில்லை.

ஊசிகளை அவர் இரண்டாகப் பிரித்துக்கொண்டார். வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகள் ஒரு பக்கம்: தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான எம்.எம்.ஆர்., சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் ஆகியவற்றுக்கானவை. கர்ப்ப காலத்தில் எம்.எம்.ஆரும் சின்னம்மைத் தடுப்பூசியும் போடுவதில்லை. மஞ்சள் காய்ச்சல் ஊசியைத் தவிர்க்க முடியாத பயணத்தில், நோய் தாக்கும் வாய்ப்பு உண்மையிலேயே அதிகமாக இருந்தால் மட்டுமே எடைபோட்டுப் பார்ப்பார்கள். இவற்றைப் போட்டுக்கொண்ட பின் குறைந்தது நான்கு வாரமேனும் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். செயலிழக்கச் செய்யப்பட்ட கிருமிகள் அல்லது அவற்றின் கூறுகளைக் கொண்ட ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் பி, ஊசியாகப் போடும் டைஃபாய்டு, ரேபிஸ், இன்ஃப்ளூயன்சா தடுப்பூசிகள் மறு பக்கம். தேவை இருந்தால் இவற்றைக் கர்ப்பிணிக்கும் போடலாம். வாய்வழியாக உட்கொள்ளும் டைஃபாய்டு தடுப்பு மருந்து மட்டும் உயிருள்ள வகை என்பதால் முதல் பட்டியலில் சேரும்.

முதலில் எனக்கு ரூபெல்லாவுக்கும் சின்னம்மைக்கும் எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்தார்கள். இந்தப் பரிசோதனைக்காகவே இம்மையத்தைப் பாராட்ட வேண்டும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் ரூபெல்லா குழந்தையின் கண், காது, இதயம் அனைத்தையும் பாதிக்கக்கூடியது. எனக்கு ரூபெல்லா எதிர்ப்பாற்றல் போதவில்லை. எம்.எம்.ஆரும் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் ஒரே நாளில் போட்டால் எதிர்ப்பாற்றல் முழுமையாக உருவாகாமல் போகலாம் என்பதால் இரண்டுக்கும் இடையே நான்கு வாரம் விடுவது நல்லது என்று விளக்கினார். எம்.எம்.ஆர்., நான்கு வாரம், மஞ்சள் காய்ச்சல் ஊசி, மேலும் நான்கு வாரம் என்று கூட்டினால் இரண்டு மாதம் இதிலேயே போய்விடுகிறது. பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓடிவருபவர்களுக்கு இந்த வரிசை கைகொடுக்காது. குறைந்தது மூன்று மாதம் முன்பாகச் செல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சில நாடுகளுக்குள் நுழையக் காட்ட வேண்டிய மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ், ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்து செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்லத்தக்கது. ஏற்கெனவே கர்ப்பமாக இருப்பவருக்கு ஊசி வேண்டாம் என்று மருத்துவர் விலக்குக் கடிதம் தரலாம். ஆனால் அதை ஏற்பது செல்லும் நாட்டின் விருப்பம் என்பதால் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளச் சொன்னார். கர்ப்பம் தெரியாமல் எம்.எம்.ஆரோ சின்னம்மைத் தடுப்பூசியோ போட்டுக்கொண்டுவிட்டாலும் அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை என்பதை அவர் தானாகவே, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். இந்த ஒரு தகவல் தெரியாமல் எத்தனை பெண்கள் தவித்திருப்பார்கள்!

மலேரியா பற்றிய பகுதிதான் இந்த ஆலோசனையின் உயிர். கர்ப்பிணிகள் மலேரியா பரவும் பகுதிக்குச் செல்வதைத் தவிர்ப்பதே சிறந்தது என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். ஃபால்சிபாரம் வகைக் கிருமி தொற்றிய இரத்தச் சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகின்றன. அதனால் விரலில் எடுக்கும் இரத்தத்தில் கிருமி தென்படாமலேகூடப் போகலாம். தாய்க்குக் கடும் இரத்தசோகை, கருச்சிதைவு, எடை குறைந்த குழந்தை, குழந்தை இறந்து பிறத்தல் எனப் பின்விளைவுகள் நீள்கின்றன. போதாக்குறைக்கு, கர்ப்பிணிகளிடம் மலேரியா கொசுக்கள் ஏறக்குறைய இரு மடங்கு ஈர்க்கப்படுவதாக காம்பியாவில் நடந்த ஆய்வு 2000இல் வெளியாகியிருக்கிறது. அவர்கள் வெளிவிடும் மூச்சின் அளவு கூடுவதும் உடற்சூடு சற்று உயர்வதும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. மலேரியாவுக்கும் ஊசி உண்டே என்று கேட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2021இலும் 2023இலும் பரிந்துரைத்த இரு தடுப்பூசிகளும் நோய் பரவும் பகுதிகளில் வாழும் குழந்தைகளுக்கானவை. பயணிகளுக்கு மாத்திரையும் கொசுத் தடுப்பும்தான் வழி.

ஏற்கெனவே கர்ப்பமாக இருப்பவருக்கு ஏற்ற மாத்திரையும் விரைவில் கருத்தரிக்க விரும்புபவருக்கு ஏற்ற மாத்திரையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை இங்கேதான் தெளிவாகப் புரிந்துகொண்டேன். குளோரோகுயின் கர்ப்பிணிக்குப் பாதுகாப்பானது. ஆனால் பெரும்பாலான இடங்களில் ஃபால்சிபாரம் கிருமி அதற்கு மசிவதில்லை. அத்தகைய பகுதிக்குக் கர்ப்பிணி போயே தீர வேண்டுமெனில் வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மெஃப்லோகுயின்தான் வழக்கமான தேர்வு. பயணத்துக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும்போதே தொடங்கி, திரும்பிய பின் நான்கு வாரம் தொடர வேண்டும். மனச்சோர்வு, பதற்றநோய், வலிப்பு போன்றவை இருந்தவர்களுக்கு அது ஆகாது. இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு முன் என் கணவரைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொன்ன அந்தப் பண்பை மறக்க முடியாது. டாக்ஸிசைக்ளின் குழந்தையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கலாம் என்பதால் கர்ப்ப காலத்தில் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. பிரைமாகுயினையும் டாஃபெனோகுயினையும் தருவதே இல்லை; கருவிலிருக்கும் குழந்தைக்கு ஜி6பிடி நொதிக் குறைபாடு (இது இருந்தால் இம்மருந்துகள் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்) உண்டா என்று அறிய முடியாததுதான் காரணம்.

நாங்கள் திரும்பிவந்த பிறகே கருத்தரிக்கலாம் என்று முடிவுசெய்ததால் எனக்கு அடோவாகோன்-புரோகுவானில் என்னும் மலேரியா தடுப்பு மாத்திரையை எழுதித்தந்தார். கர்ப்ப காலத்தில் இதைப் பற்றிய தரவுகள் போதாது என்பதால் கர்ப்பிணிகளுக்கு இது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. ஆனால் தினமும் உட்கொண்டு, திரும்பிய ஏழாம் நாளில் முடித்துவிடலாம். அதன்பின் கருத்தரிக்க இரண்டு வாரம் பொறுத்தால் போதும். மெஃப்லோகுயின் உடலில் நெடுநாள் தங்குவதால் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்லும் வழிகாட்டுதல்கள் உண்டு. இடையே கருத்தரித்துவிட்டால் அதைக் கலைக்க வேண்டிய காரணமாக யாரும் கொள்வதில்லை.

கொசுக்கடியைத் தவிர்ப்பதைச் செவிலியர் செய்துகாட்டியே கற்பித்தார். பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லியில் தோய்த்த கொசுவலையைப் பரிசோதனைக் கட்டிலின் மேல் கட்டி, விளக்குக்கு நேராகப் பிடித்து ஓட்டை தேடினார்; பின் அதன் ஓரங்களை மெத்தைக்கடியில் உள்ளங்கை நுழையும் ஆழத்துக்குச் செருகிவிட்டு, என்னை உள்ளே படுக்கச் செய்து, முழங்கை வலையில் படுகிறதா என்று பார்த்தார். வலையில் உடல் ஒட்டியிருந்தால் கொசு அதன் வழியாகவே கடிக்கும். டீட் என்னும் வேதிப்பொருள் கலந்த கொசுவிரட்டியைக் கர்ப்பிணிகளும் பூசலாம். வெயில் தடுப்புக் களிம்பு பூசுவதானால் அது முதலில், கொசுவிரட்டி அதன் மேல். மலேரியா கொசு அந்தி முதல் விடியல் வரை கடிப்பது.

இனி குறைகள். கொசு வழியாகவும் உடலுறவு வழியாகவும் பரவி, கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய ஜிகா வைரஸ் பற்றி நாங்களாகக் கேட்கும்வரை பேச்சே எழவில்லை. ஜிகா பரவும் பகுதியிலிருந்து திரும்பிய ஆண் மூன்று மாதமும், பெண் மட்டும் சென்றிருந்தால் இரண்டு மாதமும் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பது குழந்தைக்குத் திட்டமிடும் எந்தத் தம்பதிக்கும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி. கணவரை வெறும் துணையாக மட்டும் நடத்தியதன் விளைவு இது. குடிநீரைப் பற்றியும் அவசர அவசரமாகக் கடந்துபோனார்கள். அசுத்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஈ என்னும் கல்லீரல் அழற்சி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உயிரையே பறிக்கக்கூடியது என்பதால், கர்ப்பிணிக்கு அது இரண்டு நிமிடத்தில் முடியும் விஷயமல்ல. அந்த வண்ணத்தாளின் பிரதி என் மகப்பேறு மருத்துவருக்கு அனுப்பப்படவும் இல்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆனால் காய்ச்சலைப் பற்றி அவர்கள் தந்த சிறு அட்டை இக்குறைகளில் பாதியை ஈடுசெய்கிறது. மலேரியா பகுதிக்குள் நுழைந்த ஏழாம் நாளுக்குப் பிறகு எப்போது காய்ச்சல் வந்தாலும், திரும்பி ஓராண்டு வரையிலும், அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். முதல் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் மறுபடியும் செய்யச் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருந்தால் அதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். செல்ல விரும்புவோர் பழைய தடுப்பூசி அட்டை, மாதவிடாய்த் தேதிகள், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், இருவரின் பயணத் திட்டம் ஆகியவற்றுடன், கணவரையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள்.