மீட்டருக்குள் ஃபியூஸே இல்லை: வாங்குமுன் கழற்றிப் பாருங்கள்

வோல்ட், ஆம்பியர், ரெசிஸ்டன்ஸ் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டரைப் புதிதாக வாங்கப் போகிறவர்களும், அண்மையில் மலிவாக ஒன்று வாங்கியவர்களும் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் ஒயரிங் வேலை கற்றுக்கொள்ளும் தம்பிக்குப் போன வாரம் உள்ளங்கை வெந்துபோனது.

மீட்டரை சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் 850 ரூபாய்க்கு வாங்கினேன். முகப்பில் கேட் 3 (மீட்டரின் பாதுகாப்புத் தரம்), 1000 வோல்ட் என்று இருந்தது. ஆம்பியர் ஓட்டைக்குப் பக்கத்தில் 10 ஆம்பியர், ஃபியூஸ் உண்டு என்றும் அச்சடித்திருந்தார்கள். “உள்ள ஃபியூஸ் இருக்குல்ல?” என்று கேட்டேன். “அதெல்லாம் இருக்குண்ணே, போர்டுலயே போட்டிருக்கு” என்றார் கடைக்காரர்.

அன்று ஒரு வீட்டில் எல்இடி பட்டை லைட் வேலை. 12 வோல்ட் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க, சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டையில் செருகி, லைட்டுக்குப் போகும் கரண்ட் மீட்டர் வழியாகவே போகும்படி சீரிஸில் மீட்டரைப் போட்டோம். 3.2 ஆம்பியர் காட்டியது. சரி, இது முடிந்தது. அப்புறம் பிளக் பாயின்ட்டில் சப்ளை வருகிறதா என்று பார்க்கப் போன தம்பி, டயலை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பினான். சிவப்பு ஒயரை வோல்ட் ஓட்டைக்கு மாற்றிச் செருக மறந்துவிட்டான்.

இந்த வகை மீட்டர்களில் டயலை எங்கே திருப்பினாலும், 10 ஆம்பியர் ஓட்டைக்கும் கறுப்பு ஒயர் செருகும் காம் ஓட்டைக்கும் நடுவே, ஃபியூஸை விட்டால், ஒரு தடித்த கம்பி மட்டும்தான் இருக்கும். அதற்குப் பெயர் ஷன்ட். கரண்ட் அதன் வழியாகப் போகட்டும் என்றுதான் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவாக வைத்திருப்பார்கள். அதைக் கொண்டுபோய் 230 வோல்ட்டில் நேராக வைத்தால் பக்காவான ஷார்ட். நீல வெளிச்சத்தோடு வெடித்தது. புரோப் முனை உருகிக் குண்டூசித் தலை மாதிரி உருண்டுவிட்டது, ஒயர் ரப்பர் கையோடு ஒட்டியது. ஷார்ட் ஆனால் தானாகவே லைனை அணைக்கும் எம்சிபி சுவிட்ச் உடனே விழுந்ததால் இதோடு போயிற்று.

ஒயரை மாற்றாதது எங்கள் தவறுதான். ஆனால் யாருக்கும் வரக்கூடிய இந்தத் தவறுக்காகத்தான் மீட்டருக்குள் ஃபியூஸ் வைக்கிறார்கள். நல்ல மீட்டராக இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பின்மூடியைக் கழற்றினேன். ஃபியூஸ் மாட்டும் இடத்தில் ஃபியூஸ் இல்லை. இரண்டு முனையையும் சேர்த்து ஒரு செப்புக் கம்பியை சோல்டர் வைத்திருந்தார்கள். கம்பியைச் சுற்றி போர்டு கருகிக் கிடந்தது.

டயலை ஓம்ஸில், அதாவது ரெசிஸ்டன்ஸ் அளக்கும் இடத்தில், வைத்து ஃபியூஸைச் சோதித்திருக்கலாமே என்பீர்கள். செப்புக் கம்பிக்கும் அது சுழி ஓம்தான் காட்டும். மூடியைக் கழற்றினால் ஒழியத் தெரியாது. கழற்றினால் கண்ணாடி ஃபியூஸ் இருக்கிறதா, பீங்கான் ஃபியூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணாடி ஃபியூஸ் பெரும்பாலும் 250 வோல்ட்டுக்கானது. பெரிய ஷார்ட்டில் உள்ளே தீப்பொறி அணையாமல் குழாயே வெடிக்கலாம். மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ்தான் அந்தப் பொறியை விழுங்கி அணைக்கும். முகப்பில் 1000 வோல்ட் என்று போட்டுவிட்டு உள்ளே சின்னக் கண்ணாடி ஃபியூஸ் இருந்தால், அந்த எழுத்தை நம்பவே வேண்டாம். மிக மலிவான சில மீட்டர்களில் 10 ஆம்பியர் ஓட்டைக்கு ஃபியூஸ் இல்லை என்று முகப்பிலேயே அச்சடித்திருக்கும். அதுவாவது பரவாயில்லை, உண்மையைச் சொல்கிறது. வீட்டு லைனில் ஆம்பியர் பார்க்க வேண்டுமென்றால், ஒயரைச் சுற்றிக் கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டர்தான் நல்லது. ஒயரைப் பிரிக்கவே வேண்டியதில்லை.

மீட்டரைக் கடைக்குக் கொண்டுபோனேன். “தப்பா வச்சா எந்த மீட்டரும் போகத்தாண்ணே செய்யும்” என்றார். செப்புக் கம்பியைக் காட்டினேன். “எங்களுக்கு அப்படியேதான் வருது” என்று உள்ளே போய்விட்டார். பில் கொடுக்கவில்லை, வெறும் துண்டுச் சீட்டுதான். அட்டைப் பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்ஆர்பி எதுவுமே இல்லை. சட்டப்படி இருக்க வேண்டியவை அவை. வாங்கும்போதே பார்த்திருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பேன். போனில் பணம் அனுப்பிய பதிவு மட்டும் இருந்தது. அதையும் மீட்டர் படங்களையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

தம்பிக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் பத்து நாள் ஆகுமாம். கடைக்காரர் தரப்பிலிருந்து இதுவரை பதில் இல்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.