பாரிமுனையில் உல்லன் வாங்குவது: கடை, நூல், ஊசி பற்றி ஒரு மதிப்பீடு

சென்னையில் ஸ்வெட்டரோ சால்வையோ பின்னுகிறவர்களுக்கு நூல் கடை என்றால் பெரும்பாலும் பாரிமுனைதான். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி, என்.எஸ்.சி. போஸ் சாலையிலிருந்து சவுகார்பேட்டைப் பக்கம் திரும்பினால், லேஸ், பொத்தான், ஜிப், ஜரிகை விற்கும் கடைகளுக்கு நடுவே நூல் சிட்டங்களை, அதாவது உருண்டையாகச் சுற்றாத நூல் கற்றைகளை, வாசலிலேயே தொங்கவிட்டிருக்கும் கடைகள் தென்படத் தொடங்கும். தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் உள்ள ஃபேன்ஸி ஸ்டோர்களிலும் உல்லன் கிடைக்கத்தான் செய்கிறது. அங்கே அது ஒரு தட்டு, இங்கே ஒரு சுவர். இரண்டு இடங்களிலும் பல ஆண்டுகளாக வாங்கி வருகிறவள் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு டிசைன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டு, அதில் குறிப்பிட்ட நூலையே தேடிப் போகிறவருக்கு இந்தக் கடைகளால் பயனில்லை. தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு என்ன பின்னலாம் என்று முடிவுசெய்யும் பொறுமை உள்ளவருக்கு இவற்றை மிஞ்சிய கடைகள் நகரில் இல்லை.

பெயர்ப்பலகையில் உல்லன் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பதில் பெரும்பங்கு அக்ரிலிக் என்ற செயற்கை இழை. வர்த்தமான், கங்கா என்று லூதியானாவிலிருந்து வரும் நூல்களே அலமாரிகளை நிரப்புகின்றன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கைக்குழந்தையின் சட்டைக்கும் படுக்கை விரிப்புக்கும் அக்ரிலிக் மிகவும் வசதியானது: வாஷிங் மெஷினில் போடலாம், சுருங்காது, பூச்சி அரிக்காது. அதே நூலில் பின்னிய துணி மீது இஸ்திரிப் பெட்டியின் சூடு நேரடியாகப் பட்டால் அது துவண்டு பளபளத்துப் போகும், பிறகு என்ன செய்தாலும் பழைய நிலைக்கு வராது. ஆட்டு ரோம நூலில் பின்னியதை நனைத்து, வேண்டிய அளவுக்கு இழுத்து, குண்டூசி குத்திக் காயவைத்தால் பூவேலை விரிந்து சமனாக நிற்கும். அக்ரிலிக் அப்படி எளிதில் இணங்காது. எனவே ஓட்டை வேலைப்பாடு மிகுந்த சால்வைகளை இந்தக் கடைகளின் நூலை நம்பி நான் திட்டமிடுவதில்லை.

அக்ரிலிக்கும் ரோமமும் கலந்த நூல்களும் உண்டு என்பதால், ‘ப்யூர் வுல்’ என்று யாராவது சொன்னால் ஒரு சாண் நீளம் கேட்டு வாங்கிவந்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். ரோமம் தலைமுடி பொசுங்கும் நாற்றத்தோடு எரியும், நெருப்பை விலக்கியதும் அநேகமாகத் தானே அணையும், மிஞ்சும் கரி விரலில் நசுங்கிப் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கறுத்த, கெட்டியான மணியாக இறுகிவிடும். அதை நகத்தால்கூட உடைக்க முடியாது.

நான் அதிகம் போகும் கடை ஒரு மாடிப்படிக்குப் பக்கத்தில், ஓர் ஆள் நிற்கும் அகலத்தில் தொடங்கி உள்ளே நீண்டுகொண்டே போகிறது. உறையும் லேபிளும் உள்ள உருண்டைகள் கண்ணாடி அலமாரியில் இருக்கும். விலை மலிவான சிட்டங்கள் கொக்கியில் தொங்கும், அவற்றைத் தராசில் நிறுத்துத் தருவார்கள். சிட்டங்களில்தான் இந்தக் கடையின் பலமும் பலவீனமும் சேர்ந்து இருக்கின்றன. உறையிட்ட நூலில் நிறத்தின் எண்ணோடு, எந்தச் சாயக் கொப்பரையில் தோய்த்தது என்பதற்கான லாட் நம்பரும் அச்சாகியிருக்கும். சிட்டத்தில் ஒன்றும் இராது. கேட்டால், “எல்லாம் ஒரே மூட்டையில வந்தது மேடம், கலர் மாறவே மாறாது” என்று கல்லாவில் இருக்கும் பெரியவர் குஜராத்தி கலந்த தமிழில் உறுதியளிப்பார். அவர் பொய் சொல்வதில்லை, ஆனால் கொக்கியில் பழைய மூட்டையின் மிச்சமும் புதிய மூட்டையின் வரவும் ஒன்றாகத் தொங்குவதை அவர் கவனித்துப் பிரிப்பதும் இல்லை. கடைக்குள் ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஒரே பழுப்பாகத் தெரியும் இரண்டு சிட்டங்களைத் தெருவாசலுக்குக் கொண்டுவந்து, அருகருகே மடித்துப் பிடித்துப் பார்த்தால், ஒன்றில் மஞ்சள் சாயல் கூடியிருப்பது சில நேரம் பளிச்சென்று தெரியும். சட்டையின் முன்பக்கமும் கையும் வேறு வேறு நிறமாகத் தோன்றுவதற்கு இந்தச் சிறிய வேறுபாடே போதும். வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பதற்குப் பெரியவர் தடை சொன்னதில்லை என்பதை அந்தக் கடையின் நற்பண்புகளில் முதலாவதாகச் சொல்வேன்.

கடைகள் எடையில் விற்கின்றன, நமக்குத் தேவைப்படுவதோ நீளம். பொதுவாக 4 பிளை என்கிற மெல்லிய நூல் 100 கிராமுக்குச் சுமார் 400 மீட்டர் வரும், டி.கே. என்கிற, அதைவிடத் தடித்த 8 பிளை நூல் 200 முதல் 230 மீட்டர் வரை வரும். நடுத்தர உடற்கட்டுள்ள பெண்ணுக்கு 4 பிளையில் முழுக்கை ஸ்வெட்டர் பின்ன ஏறத்தாழ 1,500 மீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 400 கிராம் வாங்குவது பாதுகாப்பானது, டி.கே.யில் 1,200 மீட்டர் போதுமானாலும் எடை 520 முதல் 600 கிராம் வரை ஆகிவிடும். மூன்று மாதக் குழந்தையின் சட்டைக்கும் குல்லாய்க்கும் சேர்த்து 4 பிளை 150 கிராம் வாங்கினால் கொஞ்சம் மிச்சம்கூட இருக்கும். லேபிள் இல்லாத நூல் எந்தத் தடிமன் என்று ஐயம் வந்தால், ஆறு அங்குல ஸ்கேலின் மீது இழுக்காமல், இடைவெளி விடாமல் சுற்றி, ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று அடங்குகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 14 வந்தால் 4 பிளை, 11 அல்லது 12 வந்தால் டி.கே. என்று கொள்ளலாம். நூலை இப்படி ஸ்கேலில் சுற்றிப் பார்க்க விடாத கடைகளும் உண்டு. அத்தகைய கடையில் நான் ஊசியோடு நிறுத்திக்கொள்வேன்.

கணக்கு இத்தனை நுணுக்கமாக வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வகுத்தல் போட்டுக் காட்டலாம். 4 பிளை நூலுக்கான டிசைன்கள் பெரும்பாலும் 3.25 மி.மீ. ஊசியில் 10 செ.மீ. அகலத்துக்கு 28 கண்ணி (ஊசியில் விழும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி) வரும் என்று கொண்டு எழுதப்பட்டவை. அந்தக் கணக்கில் 252 கண்ணி ஏற்றினால் சுற்றளவு 90 செ.மீ. சிட்ட நூல் சற்றே தடித்திருந்து 26 கண்ணிதான் வருகிறது என்றால் அதே 252 கண்ணி 97 செ.மீ. ஆகிவிடும், 90 செ.மீ. வேண்டியவருக்கு அது அக்காளின் சட்டை. ஆகவே மாதிரித் துண்டு பின்னாமல் இந்த நூலில் பெரிய வேலை எதையும் தொடங்கக் கூடாது. ஒரு சிட்டம் வாங்கி, மாதிரி பின்னிப் பார்த்து, மறு வாரம் மிச்சத்தை வாங்கப் போனால் அந்தச் சாயம் தீர்ந்திருக்கும் என்பதுதான் இங்குள்ள சிக்கல். முழு எடையையும் ஒரே நாளில் வாங்கி, பிரிக்காத சிட்டங்களைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பில் போடும் முன்பே கேட்டுவிடுவது என் வழக்கம். மாடிப்படிக் கடையில் எடுத்துக்கொள்கிறார்கள், பணமாக அல்ல, வேறு பொருளாக.

வெளிநாட்டு நூல்களுக்கு ஏங்குவது போல ஊசிக்கு ஏங்க வேண்டியதில்லை. நீலகிரியின் கேத்தியில் 1949இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் ஆலையின் போனி ஊசிகள் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். அலுமினிய ஊசிகள் லேசானவை, கண்ணி தடையின்றி நகரும், தொடங்குகிறவர்களுக்கு அவையே போதும். இரு நுனிகளையும் ஒரு கம்பி இணைக்கும் வளைய ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னுகிறவர்கள், கம்பியைக் கழற்றி மாட்டும் நிட்ப்ரோ செட்டை நாடுவார்கள். அதுவும் இந்தியாவில் தயாராவதுதான், ஆனால் பாரிமுனையில் அதை எல்லாக் கடையிலும் எதிர்பார்க்க முடியாது. ஊசி வாங்கும்போது எண்ணைச் சொல்லாமல் மி.மீ. சொல்லிக் கேளுங்கள். நம் கடைகளில் புழங்குவது பழைய பிரிட்டிஷ் எண்; அதில் 8 என்றால் 4 மி.மீ., எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க டிசைனில் 8 என்றால் 5 மி.மீ., அங்கே எண் கூடக் கூட ஊசி தடிக்கும்.

சென்னையில் உடுத்தவென்று பின்னுகிறவருக்குப் பருத்திதான் ஏற்றது, அதற்குப் பாரிமுனைக் கடைகள் தரும் தேர்வு குறைவு. உறையிட்ட பருத்தி உருண்டைகளின் விலை அக்ரிலிக்கைவிடப் பல மடங்கு, நிறங்களும் சொற்பம். பின்னலாடைக்குப் பெயர்போன திருப்பூரிலிருந்து கூம்பில் சுற்றிய கோன் நூலைச் சில்லறையாக வரவழைக்க வழி உள்ளவர்கள் அதையே பயன்படுத்தலாம் என்பது என் பரிந்துரை. கோனில் எழுதியிருக்கும் கவுண்ட் என்பது ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்பதைக் குறிக்கும். எண் உயர உயர நூல் மெல்லியது. 10 கவுண்ட் நூல் 100 கிராமுக்கு 1,690 மீட்டர் அளவில் வரும் என்பதால், நான்கு இழைகளைச் சேர்த்துப் பிடித்தால் 4 பிளை நூலின் நீளக் கணக்கு ஏறத்தாழ அமைந்துவிடும். 20 கவுண்ட் என்றால் எட்டு இழை. நெசவுப் பாவுக்கான நூலில் முறுக்கு அதிகம், அது விறைப்பாக இருக்கும். பனியன் துணிக்கான நூல் என்று கேட்டு வாங்க வேண்டும். முறுக்காமல் சேர்த்த இழைகளில் ஊசி நுனி நுழைந்து ஒன்றிரண்டை விட்டுவிடும் என்பதால் மழுங்கிய நுனியுள்ள ஊசி நல்லது. பருத்திக்கு நெகிழ்ச்சி இல்லை, எடையும் அதிகம். முழுக்கை ஸ்வெட்டரைவிடக் கையில்லாச் சட்டைக்கே அது பொருந்தும்.

உண்மையான ரோம நூலுக்கு மலைக்குப் போகலாமே என்று தோன்றும். ஊட்டியில் தாவரவியல் பூங்காவுக்கு அருகிலுள்ள திபெத்தியச் சந்தையில் தொங்குபவை ஆயத்த ஆடைகள். பின்னுகிறவருக்கு அங்கே வேலையில்லை. கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையம் பாரத் மெரினோ என்ற ரோம ஆட்டினத்தை வளர்க்கிறது. நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் ரோமத்துக்கான ஆட்டுப் பண்ணை இருக்கிறது. இத்தனை இருந்தும் நம் மலை ரோமம் நூற்கப்பட்டு, லேபிள் ஒட்டிய உருண்டையாகச் சென்னைக் கடைக்கு வந்து நான் பார்த்ததில்லை. கனடாவில் இருக்கும் பேரனுக்குக் கம்பளித் தொப்பி பின்ன விரும்பும் பாட்டிமார், அங்குள்ளவர்களிடம் சொல்லி நூலை அனுப்பச் செய்து, பின்னித் திருப்பி அனுப்புகிறார்கள்.

கடைக்காரர்களின் உபசரிப்பு பற்றிப் புகார் இல்லை, ஆனால் அவர்களிடம் பின்னல் ஆலோசனை எதிர்பார்க்கக் கூடாது. அவர்கள் நூல் விற்கிறவர்கள். சிட்டத்தை உருண்டையாகச் சுற்றித் தரும் வசதியும் நான் போன கடைகளில் இல்லை. ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவின் ஊசிக்கும் நூலுக்கும் மட்டும் எல்லாக் கடைகளிலும் தாராளமான இடம் உண்டு. மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற பெண்கள் குழு 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷா போர்வையால் கின்னஸ் சாதனை படைத்தது சென்னையில்தான் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. இரண்டு ஊசியில் பின்னுகிற நாங்கள் இங்கே சிறுபான்மை.

ஞாயிற்றுக்கிழமை இந்தத் தெருக்களில் பெரும்பாலான மொத்த விலைக் கடைகள் அடைத்திருக்கும், மாலையில் தள்ளுவண்டிகளுக்கு நடுவே நிற்கவே இடம் இராது. வார நாளில் பதினொரு மணி வாக்கில் போவது நல்லது, அப்போதுதான் வாசலில் வெளிச்சமும் கடைக்காரருக்கு நேரமும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சரக்கு நிறைந்திருக்கும், பொங்கலுக்குப் பின் நிறங்கள் வற்றத் தொடங்கும். அடர் அரக்கு நிறத்தில் ஒரு படுக்கை விரிப்புக்கு ஒன்றரைக் கிலோ வேண்டும் என்று பெரியவரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். தீபாவளிக்குப் பிறகு வரும் மூட்டையைப் பிரிக்கும் அன்றே அழைப்பதாகச் சொல்லி என் எண்ணைக் குறித்துக்கொண்டார்.