ஆடும் கண்ணாடியும் அசையாத கேமராவும்

காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் கேம்பிங் ட்ரெய்லர் ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கும் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "அண்ணா, ட்ரெய்லர் பின்னாடிதான் கேமரா வெச்சிருக்கே, அப்புறம் எதுக்கு பக்கக் கண்ணாடி மேல மாட்டுற அந்த நீட்டுக் கண்ணாடி?" இரண்டு வரியில் பதில் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அதே வாரம்தான் என் வண்டியின் வலது பக்கக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்திருந்தேன். பில் கையில் இருக்கும்போது இரண்டு வரியில் முடியுமா? கொஞ்சம் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டி நடுத்தர எஸ்யூவி, 5000 பவுண்டு எடை இழுக்கும். ட்ரெய்லர் சின்னதுதான், 17 அடி நீளம், 8 அடி அகலம். இருப்பது கனடாவின் ஒன்டாரியோவில். கோடையில் பெரும்பாலும் டொரான்டோவிலிருந்து வடக்கே ஹைவே 400, சில சமயம் கிழக்கே 401. ட்ரெய்லரின் பிரேக்கை இயக்கும் கண்ட்ரோலர், ட்ரெய்லரை வண்டியோடு பூட்டும் ஹிட்ச், அந்த ஹிட்ச் மேல் அமரும் நாக்கு எடை இதெல்லாம் விசாரிக்காமல் யாரும் ட்ரெய்லர் வாங்குவதில்லை, அதனால் அதற்குள் போகவில்லை. கண்ணாடியைப் பற்றித்தான் யாரும் விசாரிப்பதில்லை. விற்பவரும் வாய் திறப்பதில்லை.

கணக்கு எளிது. வண்டியின் உடம்பு 76 அங்குல அகலம். ட்ரெய்லர் 96. ஆக ஒவ்வொரு பக்கமும் 10 அங்குலம் ட்ரெய்லர் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. வண்டியோடு வந்த பக்கக் கண்ணாடி வெளியே நீள்வதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் கண்ணாடியில் பாதி ட்ரெய்லரின் வெள்ளைச் சுவர், மீதியில் பக்கத்து லேனின் ஒரு பகுதி. ட்ரெய்லரை ஒட்டி வரும் மோட்டார் சைக்கிள் தெரியாது. நேர் பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவர் சுத்தமாகத் தெரியமாட்டார். வெயில் சாய்ந்த நேரமென்றால் அவர் வண்டியின் நிழல் ரோட்டோரத்தில் ஓடுவதைப் பார்த்து, ஓ, யாரோ இருக்கிறார் என்று ஊகிக்கலாம். நடுக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதில் தெரிவது ட்ரெய்லரின் முன்சுவர் மட்டும்.

பிக்அப் வண்டி வாங்குபவர்களுக்குக் கம்பெனியே வெளியே இழுத்து நீட்டும் கண்ணாடி தருகிறது. எஸ்யூவி வாங்குபவருக்கு 5000 பவுண்டு இழுக்கலாம் என்று விளம்பரத்தில் மலைமேல் ட்ரெய்லரோடு நிற்கும் படம் மட்டும்தான். அந்தப் படத்தில் இருக்கும் வண்டியிலும் நீட்டுக் கண்ணாடி இருக்காது, கவனித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் இதற்கு அளவே வைத்திருக்கிறார்கள்: ஓட்டுநருக்கு 20 மீட்டர் பின்னால், ட்ரெய்லரின் பக்கச் சுவரிலிருந்து 4 மீட்டர் அகலம் கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் 1000 பவுண்டு வரை அபராதம், லைசென்ஸில் 3 புள்ளி. இங்கே பின்னால் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதோடு சரி, அளந்து பார்க்கும் வேலை நம் தலையில்.

அதனால் பெல்ட் போட்டு மாட்டும் கண்ணாடி ஜோடி ஒன்று வாங்கினேன். வண்டிக் கண்ணாடியின் கூட்டுக்கு மேலும் கீழுமாக இரண்டு ரப்பர் பட்டை சுற்றி இறுக்கினால், நீட்டிய கையோடு இன்னொரு கண்ணாடி வெளியே நிற்கும். மாட்டியதும் வண்டிக்கு யானைக் காது முளைத்த மாதிரி இருக்கும், பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. இந்த ஊர் வண்டிகளில் ஓட்டுநர் இருக்கும் இடது பக்கம் தட்டைக் கண்ணாடி. வலது பக்கம் குவி ஆடி, பொருட்கள் தெரிவதைவிட அருகில் இருக்கின்றன என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். குவி ஆடி அகலமாகக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சின்னதாக்கித் தள்ளிவைத்துவிடும். மாட்டும் கண்ணாடி இரண்டு பக்கமும் தட்டை. வலது லேனில் ஒரு லாரி வந்தால், வண்டிக் கண்ணாடியில் அது எங்கோ தொலைவில் பொம்மை போல வரும், அரையடி தள்ளி இருக்கும் தட்டைக் கண்ணாடியில் அதே லாரி முகம் நிறைய நிற்கும். முதலில் தலை சுற்றும். பழகிய பிறகு அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் வலது லேனுக்கு மாறவே மனம் வராது. ஒன்று யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும், மற்றது எவ்வளவு தூரத்தில் என்று சொல்லும். 8 அடி அகலச் சுவரை இழுத்துக்கொண்டு போகிறவனுக்கு இதைவிடப் பெரிய நிம்மதி வேறில்லை.

சரி, இப்போது ஆட்டம்.

80 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் கண்ணாடி சாது. 90 தாண்டியதும் ஒரு நடுக்கம் ஆரம்பிக்கும். 100-இல் பின்னால் வரும் காரின் இரண்டு விளக்கு நான்காகிவிடும். காரணம் புரியாமல் இல்லை. வண்டிக் கண்ணாடியே இடித்தால் மடங்கும்படி ஒரு கீலில் நிற்கும் பிளாஸ்டிக் கூடு. அதன் நுனியில் ஒரு கையை நீட்டி, கையின் நுனியில் பலகை மாதிரி ஒரு கண்ணாடியை வைத்து, முன்கண்ணாடித் தூணைச் சுற்றிவரும் கலங்கிய காற்றில் நிறுத்தினால் ஆடாமல் என்ன செய்யும்? புரிகிறது. கோபம் மட்டும் குறையமாட்டேன் என்கிறது.

இதில் கொடுமை எங்கே என்றால், ஒன்டாரியோவில் பெரிய லாரிகள் 105-க்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருக்க வேண்டும் என்பது சட்டம். நாம் ட்ரெய்லரோடு 95, 100-இல் போவோம். அவர்கள் 105-இல். அதனால் ஒவ்வொரு லாரியும் நம்மை ஊர்ந்து ஊர்ந்துதான் தாண்டும். லாரியின் மூக்கு தள்ளும் காற்று முதலில் ட்ரெய்லரின் பின்பகுதியில் இடிக்கும், அப்புறம் மெல்ல முன்னால் நகர்ந்து வந்து கண்ணாடியைப் பிடித்து உலுக்கும். அதாவது பக்கத்தில் யார், எங்கே, எவ்வளவு இடைவெளி என்று நிச்சயமாகத் தெரிய வேண்டிய அந்த ஒரு நிமிஷம்தான் கண்ணாடி மிக மோசமாக ஆடும் நிமிஷம். காலி ரோட்டில் அருமையாகக் காட்டும். காலி ரோட்டில் எனக்கு எதற்குக் கண்ணாடி?

என்னென்னவோ செய்து பார்த்தாகிவிட்டது. கையை எவ்வளவு உள்ளே இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தால் ஆட்டம் குறையும், கூடவே ட்ரெய்லரின் சுவர் மறுபடி உள்ளே வந்துவிடும். கூட்டுக்கும் பட்டைக்கும் நடுவே பஞ்சு ரப்பர் துண்டு வைத்தால் கொஞ்சம் பலன் உண்டு. பாதி வழியில் நிறுத்திப் பட்டையை மறுபடி இறுக்குவதுதான் ஓரளவுக்கு வேலை செய்கிறது, ஏனென்றால் வெயிலில் ரப்பர் தளர்ந்துவிடுகிறது. இன்னும் விலை கூடிய, கவ்விப் பிடிக்கும் வகையையும் வாங்கிப் பார்த்தேன். அது ஆடுவது குறைவு, கண்ணாடியும் உள்ளங்கை அளவுதான்.

இனி ரிப்பேர் கதை. வண்டியைப் பூட்டினால் பக்கக் கண்ணாடிகள் தாமாகவே மடங்கும் வசதி இப்போது நிறைய வண்டிகளில் இருக்கிறது. மாட்டும் கண்ணாடியோடு அது மடங்கினால் நீட்டிய கை போய் ஜன்னலில் முட்டும், உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் விடாமல் தள்ளும். அதனால் அந்த வசதியை அணைத்துத்தான் வைத்திருந்தேன். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் ஏதோ மென்பொருள் புதுப்பித்தார்கள். அதில் என் அமைப்புகள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டன, ஒருவரும் சொல்லவில்லை. கண்ணாடி மாட்டிய வண்டியை எங்கள் வீட்டு டிரைவ்வேயில் பூட்டியதும் கர்ரென்று ஒரு சத்தம். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் பற்கள் போய்விட்டன. அந்தச் சக்கரம் தனியாகக் கிடைக்காதாம். மோட்டார் தனியாகக் கிடைக்காதாம். விளக்கு, சூடேற்றும் கம்பி, பக்கத்தில் வண்டி வந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு எல்லாம் சேர்ந்த முழுக் கண்ணாடியாகத்தான் மாற்ற வேண்டுமாம். மாற்றினேன். அந்தக் காசில் மாட்டும் கண்ணாடி எத்தனை ஜோடி வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் கணக்கைப் போட்டிருக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியானால் கேமராதான் சரி, இல்லையா தம்பி? இரு.

கேமரா ஆடாது, அதை ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடியால் முடியாத ஒன்றை அது செய்கிறது: நேர் பின்னால் ஒளிந்து வருபவரைக் காட்டுகிறது. அல்கோன்குவின் பூங்கா வழியாகப் போகும் ஹைவே 60 இரண்டே லேன். அங்கே நமக்குப் பின்னால் எத்தனை கார் வரிசை கட்டி நிற்கிறது என்று தெரிந்தால்தான், ஒதுங்க இடம் வரும்போது ஒதுங்கி வழிவிட முடியும். கேமரா இல்லாவிட்டால் வரிசையின் நீளம் தெரியாமல் ஜாலியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போய்க்கொண்டிருப்போம், பின்னால் இருப்பவர்கள் நம் பரம்பரையையே வாழ்த்திக்கொண்டு வருவார்கள்.

ஆனால் என் ட்ரெய்லரில், மற்றும் பல ட்ரெய்லர்களில், கேமராவுக்கான மின்சாரம் பின் சிவப்பு விளக்குகளின் ஒயரிலிருந்து வருகிறது. வண்டி விளக்கைப் போட்டால்தான் கேமரா உயிர் பெறும். பகலில் விளக்குப் போடாமல் கிளம்பினால் திரை கறுப்பு. இது பழகிவிடும். மண் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் லென்ஸில் புழுதி படிந்து உலகமே பனிமூட்டமாகிவிடும், துடைக்க ஏணி வேண்டும். அகலக் கோண லென்ஸ் என்பதால் எல்லாமே தூரத்தில் இருப்பதாகக் காட்டும், ஒட்டி வருபவர்கூட மரியாதையான இடைவெளியில் வருவது போலத் தெரிவார்.

எனக்குப் பெரிய சிக்கல் வேறு. நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு மட்டும் புரியும். டேஷ்போர்டில் இருக்கும் திரை இரண்டடி தூரத்தில் இருக்கிறது. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கண் திடீரென்று அந்த இரண்டடிக்குச் சுருங்க வேண்டும். என் கண் அதற்கு மறுக்கிறது. திரையில் அசைவது காரா, லாரியா என்று தெரிவதற்குள் வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும்? தட்டைக் கண்ணாடியில் அந்தத் தொல்லை இல்லை. கண்ணாடி பக்கத்தில் இருந்தாலும் பிம்பம் பொருள் இருக்கும் தூரத்துக்கே போய் நிற்கும், கண் ரோட்டைப் பார்க்கிற அதே பார்வையில் அதையும் பார்த்துவிடும். ஆடினாலும் அது லாரிதான் என்று தெரிகிறது. ஆடாத திரையில் அது என்னவென்றே தெரிவதில்லை.

ரிவர்ஸ் எடுக்கும்போது வேறு கதை. அங்கே வேகம் இல்லை, காற்று இல்லை, கண்ணாடி அசையாது. கேம்ப்கிரவுண்டில் முடிந்தவரை ஓட்டுநர் பக்கம், அதாவது இடது பக்கம் இருக்கும் இடத்தையே முன்பதிவு செய்யுங்கள். ட்ரெய்லர் இடப்புறம் மடிந்து உள்ளே போகும்போது அதன் சக்கரம் முதல் பின்மூலை வரை இடது கண்ணாடியிலேயே தெரியும். வலப்புறம் மடிக்க நேர்ந்தால் பின்மூலை பார்வையிலிருந்து போய்விடும், அது குருட்டுப் பக்கம். எந்தக் கண்ணாடியில் ட்ரெய்லர் அதிகமாகத் தெரிய ஆரம்பிக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பினால் நேராகும். இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும், இணையத்தில் இருக்கும் படங்கள் எல்லாம் தேவையில்லை. பின்னால் வழிகாட்ட நிற்பவருக்கு நாங்கள் வைத்திருக்கும் சட்டம்: கண்ணாடியில் என் மனைவியின் முகம் தெரியாவிட்டால் வண்டி நிற்கும், அவர் என்ன கத்தினாலும் சரி.

பாரி சவுண்டுக்குப் பக்கத்தில் கில்பேர் பூங்காவில் பக்கத்து இடத்தில் ஒரு போலர் நின்றிருந்தது. 1968-இல் வின்னிபெக்கில் பிறந்த ஃபைபர்கிளாஸ் ட்ரெய்லர், முட்டை வடிவம், 13 அடி. முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு ஜன்னல். திரைச்சீலையை விலக்கிவிட்டால் காரின் நடுக் கண்ணாடியில் ட்ரெய்லருக்குள் புகுந்து பின்னால் வரும் ரோடு தெரிகிறது. ட்ரெய்லரின் அகலமும் காரைவிடப் பெரிதாக மிஞ்சவில்லை, அதனால் மாட்டும் கண்ணாடியே தேவைப்படவில்லையாம். அதன் சொந்தக்காரர் காபி குடித்துக்கொண்டே இதைச் சாதாரணமாகச் சொன்னார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்கு என் ட்ரெய்லரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. உள்ளே குளியலறை இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

தீர்ப்பு கேட்டால், மாட்டும் கண்ணாடிக்கு ஐந்துக்கு ஒன்றரை. பொருளாக அது மட்டம். பட்டை தளரும், பெயின்ட்டில் கோடு போடும், எச்சரிக்கை விளக்கை மறைக்கும், காலையில் பனி படிந்தால் சூடாக்கக் கம்பி கிடையாது. கேமராவுக்கு ஐந்துக்கு மூன்றரை தாராளமாகக் கொடுப்பேன்.

ஆனாலும் தம்பி, நீ கண்ணாடியை வாங்கு. இரண்டு பக்கமும் வாங்கு. ரப்பர் பட்டை இரண்டு உபரியாக எடுத்துக்கொள். ட்ரெய்லரை மாட்டி, சமதளத்தில் நிறுத்தி, ஒருவரை 20 மீட்டர் பின்னால் நிற்கச் சொல். ட்ரெய்லர் சுவரை ஒட்டி ஆரம்பித்து அவர் வெளிப்பக்கமாக நடந்து போகட்டும், நீ உன் சீட்டில் உட்கார்ந்து பார். முதல் அடியிலிருந்தே அவர் தெரிகிறாரா என்று இரண்டு பக்கமும் சரிபார். கேமரா உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் இருக்கட்டும், விளக்கைப் போட மறக்காதே. கிளம்பும் முன் கண்ணாடி மடங்கும் அமைப்பை அணைத்துவிடு. சர்வீஸுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் மறுபடி பார்.