சுன்னத்: முப்பதாம் நாளிலா, ஆறாம் வயதிலா?

ஈரோட்டில் ஜவுளி வணிகம் செய்யும் ராவுத்தர் குடும்பம் எங்களுடையது. மூத்த மகனுக்கு ஆறாம் வயதில் சுன்னத் (ஆணுறுப்பின் முன்தோலை நீக்குவது) செய்தோம். இளையவனுக்குப் பிறந்த முப்பதாம் நாளில் செய்தோம். இரண்டையும் அருகிலிருந்து பார்த்தவன் என்பதால், இந்த முடிவை எடுக்க வேண்டிய பெற்றோருக்காக எழுதுகிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செய்வதென்று தீர்மானித்துவிட்டவர்களுக்குக் கைக்குழந்தைப் பருவமே நல்லது என்பது என் கருத்து.

மார்க்க அடிப்படையில் இரண்டுக்கும் இடமுண்டு. குர்ஆனில் இதற்கு நேரடியான கட்டளை இல்லை. நபிமொழிகளின் வழியாகவே இது வருகிறது. ஷாஃபி மத்ஹபில், அதாவது ஷாஃபி சட்ட மரபில், இது கடமை. எங்களைப் போன்ற ஹனஃபி மரபினருக்கு இது சுன்னத்து, அதாவது கடமையாக்கப்படாத நபிவழி. யூதர்களுக்கு எட்டாம் நாள் என்று வேதத்திலேயே குறித்திருப்பதைப்போல நமக்கு நாள் குறிக்கப்படவில்லை. இப்ராஹீம் நபி எண்பதாவது வயதில் செய்துகொண்டதாக நபிமொழி கூறுகிறது. ஆகவே, பள்ளப்பட்டியிலும் ஈரோட்டிலும் உள்ள எங்கள் உறவினர் வீடுகளில் ஐந்து வயது, ஏழு வயது என்று பார்த்துக் கோடை விடுமுறையில் நடத்தும் மார்க்கக் கல்யாணம், குடும்ப வழக்கமே தவிர மார்க்கம் விதித்த காலம் அன்று.

மூத்தவனுக்கு அந்த வழக்கப்படியே செய்தோம். என் அத்தா காலத்தில் ஊர் நாவிதர் வீட்டுக்கே வந்து செய்ததை, நாங்கள் மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்துச் செய்தோம் என்பதுதான் வேறுபாடு. மயக்க மருந்துக்கு முன் ஆறு மணி நேரம் திட உணவு கூடாது என்பதால் விடியற்காலையிலிருந்து அவன் வெறும் வயிற்றோடு இருந்தான். புதுச் சட்டையும் மாலையும் போட்டுவிட்ட அவன் மாமாவும், நானும், எங்கள் வீட்டுப் பெண்களும் சேர்ந்து, “எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்” என்று சொல்லி அழைத்துச் சென்றோம். மயக்கம் தெளிந்த பிறகு நாலைந்து நாள் சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் அலறினான். துணி உரசாமலிருக்க லுங்கியைத் தூக்கிப் பிடித்தபடியே நடந்தான். புண் முழுவதும் ஆறப் பதினெட்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் இரவு, “அத்தா, வலிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இளையவனுக்குக் குழந்தை அறுவை மருத்துவரிடம் சென்றோம். அடிப்பகுதியில் நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போட்டு, பிளாஸ்டிபெல் என்னும் சிறு வளையத்தைப் பொருத்திச் செய்தார். தையல் இல்லை, முழு மயக்கம் இல்லை, நீண்ட பட்டினி இல்லை. முடிந்ததும் தாய்ப்பால் குடித்துவிட்டு உறங்கினான். எட்டாம் நாள் வளையம் தானாக விழுந்தது. எங்கள் அனுபவம் தனிப்பட்டதன்று என்பதற்கு ஒரு சான்று: 2010இல் வெளியான உலகளாவிய ஆய்வுத் தொகுப்பின்படி, சிக்கல் ஏற்படும் விகிதம் ஆய்வுகளின் இடைநிலை அளவில் கைக்குழந்தைகளுக்கு 1.5 சதவீதம், வயதில் மூத்த சிறுவர்களுக்கு 6 சதவீதம்.

ஆயினும் இந்த ஒப்பீடு முழுவதும் ஒன்றைச் சார்ந்தே நிற்கிறது: அந்த மரப்பு ஊசி. குழந்தைக்கு என்ன தெரியும், அழுது மறந்துவிடும் என்று சொல்லி, மரப்பு மருந்தே இல்லாமல் செய்துவிடும் பழக்கம் உலகில் நெடுங்காலம் இருந்தது. கனடாவில் நடந்து 1997இல் வெளியான ஆய்வு ஒன்று, அவ்வாறு செய்யப்பட்ட குழந்தைகள் நான்கு முதல் ஆறு மாதத்தில் தடுப்பூசி போடும்போது மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக வலியை வெளிப்படுத்தியதைக் காட்டியது. நினைவு இல்லை என்பதால் வலியும் இல்லை என்று ஆகாது. மேலே பூசும் மரப்புக் களிம்பு மட்டும் போதாது என்பதையும், குறைமாதக் குழந்தைக்கு அதை அளவு மீறிப் பூசினால் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் திறன் குறையக்கூடும் என்பதையும் மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். ஊசி இல்லாமல் இரண்டு நிமிடத்தில் முடித்துத்தருகிறோம் என்று எவராவது சொன்னால், கைக்குழந்தைப் பருவத்தின் மேன்மை என்று நான் எழுதியது அனைத்தும் அங்கே பொருந்தாது. அதைவிட ஆறு வயதில் முழு மயக்கத்தில் செய்வதே மேல்.

கைக்குழந்தைப் பருவத்துக்குக் குறையும் உண்டு. சிறுநீர்த் துளை சுருங்குவது பெரும்பாலும் கைக்குழந்தையாக இருக்கும்போதே செய்யப்பட்ட சிறுவர்களிடம்தான் காணப்படுகிறது. இளையவனுக்கு இப்போது நான்கு வயது. இதுவரை குறையில்லை, ஆனாலும் தாரை மெல்லியதாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நோயைத் தடுக்கும் என்று சொல்லி முடிவெடுக்க வேண்டாம். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் நடந்த சோதனைகள், பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றுவதைச் சுமார் 60 சதவீதம் குறைத்ததைக் காட்டியது உண்மை. ஆனால் அவை தொற்று மிகுந்த பகுதிகளில், தாமே ஒப்புக்கொண்ட ஆண்களிடம் நடந்தவை. சிறுநீர்த் தொற்று குறைகிறது என்பதும் உண்மை. ஒரு தொற்றைத் தடுக்க நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் செய்ய வேண்டியிருக்கும். நாங்கள் செய்தது மார்க்கத்துக்காக. அதை மருத்துவம் என்று சொல்லிக்கொள்வது நேர்மையாகாது.

பிள்ளை வளர்ந்து தானே முடிவு செய்யட்டும் என்ற வாதத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. 2012 மே மாதம் ஜெர்மனியின் கொலோன் நகர நீதிமன்றம், நான்கு வயதுச் சிறுவனுக்குச் செய்யப்பட்ட சுன்னத்தை உடற்காயமாகக் கருதித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் பெற்றோரின் உரிமையை ஏற்றுச் சட்டம் இயற்றியது. கேரள உயர் நீதிமன்றத்தில் இதைத் தடுக்கக் கோரிய மனு 2023இல் தள்ளுபடியானது. ஆனால் சட்டம் அனுமதிப்பதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. காது குத்துவதைப்போலத்தானே என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். குத்திய துளை தூர்ந்துபோகும், நீக்கிய தோல் திரும்ப வராது என்பதால் அந்த ஒப்புமை எனக்குச் சரியாகப் படவில்லை. என் மகன்கள் நாளை இதைக் கேட்டால் எங்கள் நம்பிக்கையைச் சொல்வேன். அவர்களுடைய சம்மதம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆறு வயதுப் பிள்ளையிடமும் நாங்கள் சம்மதம் பெறவில்லை, அச்சத்தையும் பொய்யையும்தான் கூடுதலாகக் கொடுத்தோம். பெரியவனான பின் செய்துகொள்வதைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லாததால் அதை ஒப்பிடத் துணியவில்லை.

எந்த வயதானாலும் இரண்டு சோதனைகள் கட்டாயம். குடும்பத்தில் இரத்தம் உறையாமை இருக்கிறதா என்று இருபுறமும் விசாரித்துச் சொல்லுங்கள். சிறுநீர்த் துளை இடம் மாறி, கீழ்ப்பக்கமாக இருந்தால் அப்போது சுன்னத் கூடாது. அதைச் சரிசெய்யும் அறுவைக்கு அந்தத் தோல் தேவைப்படும். அடுத்ததாக, மரப்பு ஊசி போட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்டேன். ஐந்து நிமிடம் என்றவர், ஐந்து நிமிடம் கழித்துக் குழந்தையின் தோலை மெதுவாகக் கிள்ளிப் பார்த்து, அவன் அசையவில்லை என்பதை எனக்கும் காட்டிவிட்டுத்தான் தொடங்கினார்.