கூலிப் பேரமா, விலைக் கூட்டா? சங்கங்களுக்குப் போட்டிச் சட்டம் போடும் மூன்று கோடுகள்

பத்து கம்பெனிகள் கூடி ஒரே விலை வைத்தால் கார்ட்டல், அதாவது சட்டம் தடுக்கும் விலைக் கூட்டு. பத்தாயிரம் பேர் கூடி ஒரே கூலி கேட்டால்?

1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டும் ஒன்றுதான். டான்பரி தொப்பித் தொழிலாளர்கள் நடத்திய புறக்கணிப்பின் மீது அமெரிக்கப் போட்டிச் சட்டமான ஷெர்மன் சட்டம் பாய்ந்தது. நட்ட ஈடு மும்மடங்கு. உறுப்பினர்களின் வீடும் சேமிப்பும் ஜப்தியாயின. மனித உழைப்பு சரக்கல்ல என்று 1914-இல் கிளேட்டன் சட்டம் சொன்னபோதும் நீதிமன்றங்கள் அதைச் சுருக்கியே படித்தன. 1932-இன் நோரிஸ்-லாகார்டியா சட்டத்துக்குப் பிறகுதான் போட்டிச் சட்டத்திலிருந்து சங்கங்களுக்குக் கிடைத்த விலக்குக்கு உயிர் வந்தது.

இன்று அங்கே பார்ப்பது, சங்கம் யாரோடு சேர்ந்து செயல்படுகிறது என்பதை. தனித்து நின்றால் தப்பும். நியூயார்க் எலெக்ட்ரீஷியன் சங்கம் உள்ளூர் உற்பத்தியாளர்களோடும் ஒப்பந்தக்காரர்களோடும் கைகோத்து வெளியூர்ச் சரக்கை அடைத்தது. நகரில் விலை ஏறியது. 1945-இல் விலக்கு பறிபோனது. இது சரியான கோடு.

சிக்கல் சுயதொழில் செய்பவர்களிடம். ஊபர் ஓட்டுநர்கள் கூட்டாகப் பேரம் பேச சியாட்டில் நகரம் சட்டம் போட்டது. அதற்குப் போட்டிச் சட்டத்திலிருந்து தானாக விலக்கு கிடையாது என்றது 2018-இன் மேல்முறையீட்டுத் தீர்ப்பு. புவெர்ட்டோ ரிக்கோ குதிரை ஜாக்கிகளுக்கோ, ஊழியர் அல்லர் என்பதாலேயே விலக்கு போகாது என்று 2022-இல் இன்னொரு நீதிமன்றம் சொன்னது.

ஐரோப்பா ஆளின் நிலையைப் பார்க்கிறது. ஊழியர்களின் கூட்டு ஒப்பந்தம் ஐரோப்பிய நீதிமன்றத்தின் 1999 ஆல்பனி தீர்ப்பிலேயே தப்பிவிட்டது. ஐரோப்பிய ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்கள், ஆள் வைக்காமல் தனியாகச் சுயதொழில் செய்பவர்களுக்கும் கதவு திறந்தன: ஆண்டு வருமானத்தில் பாதியாவது ஒரே இடத்திலிருந்து வரவேண்டும், அல்லது ஊழியர்களோடு தோளோடு தோள் நின்று அதே வேலை செய்யவேண்டும், அல்லது டிஜிட்டல் தளம் வழியாக உழைக்கவேண்டும். எதிர்த்தரப்பு 20 லட்சம் யூரோ விற்றுமுதலைத் தாண்டினாலோ பத்துப் பேரை வைத்திருந்தாலோ, அதோடு நடத்தும் பேரத்தில் ஆணையம் தலையிடாது. ஆனால் இந்தக் கடைசி உறுதி ஆணையத்தை மட்டுமே கட்டும். உள்நாட்டு நீதிமன்றத்தை அல்ல.

இந்தியாவில் பெங்காலி டப்பிங் மகாபாரதத் தொடரைத் தடுத்த கலைஞர், தொழில்நுட்பர் குழு வழக்கில், சங்கமாகச் செயல்படும்வரை போட்டிச் சட்டம் தொடாது என்றது 2017 உச்ச நீதிமன்றம். ஒளிபரப்பையே மறிக்கும்போது தொடும். எங்கள் தேர்வும் இதை ஒட்டியதே: விற்பது உழைப்பு மட்டும் என்றால் விடுங்கள், அவர் ஊழியரோ ஒப்பந்தக்காரரோ. ஜாக்கி விற்பது சவாரி மட்டும், குதிரை அவருடையதல்ல. பத்து லாரி வைத்து வாடகை பேசுபவரின் கணக்கு வேறு.