பாளையங்கோட்டையில் ஒரு தமிழ் டியூஷன்: என் மகள் படித்த அனுபவம்

பத்தாம் வகுப்பு மகளைத் தெற்கு பஜார் பக்கம் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரிடம் தமிழ் டியூஷனுக்கு அனுப்பி ஆறு மாதம் ஆகிறது, மாதம் 500 ரூபாய், வாரம் மூன்று நாள். முன்பு சேர்த்த இடத்தில் கைடை மனப்பாடம் செய்யச் சொன்னதோடு சரி, செய்யுள் சொல்லை ஓசைத் துண்டுகளாக, அதாவது அசைகளாக, பிரிக்கவே அவளுக்கு வரவில்லை.

இங்கே முதல் நாளே ஊர்ப் பெயர்களை வைத்துத்தான் ஆரம்பித்தார்கள். பாளை என்றால் நேர் நேர் என்று இரண்டு அசை, அதற்கு வாய்பாடு தேமா; நெல்வேலி என்றால் நேர் நேர் நேர், தேமாங்காய். அன்று பஸ்ஸில் திரும்பும்போது கடை போர்டு ஒவ்வொன்றையும் பிரித்துக்கொண்டே வந்தாள்!

சொல் சொல்லித் தரும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 720ஆம் குறளில் அங்கணம், கோட்டி என்று இரண்டு சொல் வருகிறது. அங்கணம் எங்கள் ஆச்சி பாத்திரம் கழுவுகிற இடம், அது பிள்ளைக்குத் தெரியும். கோட்டி என்றால் நம் ஊரில் பைத்தியம், ஆனால் குறளில் அவையில் பேசுவது. அந்த வித்தியாசத்தை டீச்சர் பிள்ளைகளையே யோசிக்க வைத்துச் சொல்ல வைத்தார்களாம். அப்புறம் அந்த அவையறிதல் அதிகாரம் முழுவதையும் இவளே உட்கார்ந்து படித்தாள்.

குறை என்றால் இடம்தான். சின்னத் திண்ணை, இருபது பிள்ளைகள், மழை வந்தால் வகுப்பு கிடையாது. கட்டுரைத் திருத்தமும் தாமதமாகத்தான் வரும், ஆனால் வந்தால் வரிக்கு வரி சிவப்பு மை இருக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.